சிப் சுருங்கச் சுருங்க: ‘ஒரு துகள், ஒரு பிட்’ கணக்கு எங்கே உடைந்தது?

2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியை இயக்குவது ரேட்750 என்ற செயலி. கதிர்வீச்சைத் தாங்குவதற்கென்றே பழைய தலைமுறைத் தொழில்நுட்பத்தில் செய்தது. 150 முதல் 250 நானோமீட்டர், வேகம் 200 மெகாஹெர்ட்ஸ். அதே ஊர்தியின் அடிவயிற்றில் மடங்கிச் சென்ற இன்ஜெனியூயிட்டி ஹெலிகாப்டருக்குள் இருந்ததோ கைபேசிகளில் வந்த ஸ்னாப்டிராகன் 801. அது 28 நானோமீட்டர், விண்வெளிக்காகச் செய்ததே இல்லை. அந்தச் சிப்போடு ஹெலிகாப்டர் 2024 ஜனவரி வரை 72 முறை பறந்தது. டிரான்சிஸ்டர் சிறுத்தால் கதிர்வீச்சு அதை எளிதில் கெடுத்துவிடும் என்று படித்து வந்தவர்களுக்கு இது இடிக்கும்.

படித்தது பொய் இல்லை, பாதி உண்மை. கதிர்வீச்சுத் துகளால் தனி ஒரு பிட் (மெமரியில் 0 அல்லது 1 இருக்கும் இடம்) புரள்வதற்கான வாய்ப்பு கடந்த இருபது ஆண்டுகளில் கூடவில்லை, பெரும்பாலும் குறைந்திருக்கிறது. மாறியது பிழையின் வடிவம். நாம் நம்பியிருக்கும் பாதுகாப்பு முறைகளில் பெரும்பாலானவை ஒரு துகள் ஒரு பிட்டைத்தான் கெடுக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. சிப் சுருங்கியதில் உடைந்துபோனது அந்தக் கணக்குதான். இதைப் புரிந்துகொள்ளாமல் ‘ஈசிசி (மெமரிப் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் முறை) இருக்கிறது, கவலை இல்லை’ என்று நகர்ந்துவிடுவது ஆபத்து.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். சிலிக்கானில் ஒரு எலக்ட்ரான்–துளை ஜோடியை உண்டாக்க 3.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். பொலோனியம் 210 உமிழும் ஆல்ஃபா துகளின் ஆற்றல் 53 லட்சம் எலக்ட்ரான் வோல்ட். வகுத்தால் சுமார் 14.7 லட்சம் ஜோடிகள், அதாவது ஏறத்தாழ 236 ஃபெம்டோகூலும் மின்னூட்டம். இவ்வளவையும் அது சிலிக்கானுக்குள் 25 மைக்ரோமீட்டர் தூரத்துக்குள் கொட்டிவிட்டு நின்றுவிடும். மறுபக்கம், ஒரு ஃபெம்டோஃபாரட் கொள்ளளவு கொண்ட நோடு (சர்க்யூட்டில் மின்னூட்டத்தைத் தேக்கும் புள்ளி) 1 வோல்ட்டில் வைத்திருப்பது வெறும் 1 ஃபெம்டோகூலும், அதாவது சுமார் 6,240 எலக்ட்ரான். செயலிக்குள் இருக்கும் வேக மெமரியான எஸ்ரேமில், ஒரு பிட்டை வைத்திருக்கும் இன்றைய செல்லின் சேமிப்பு இதைவிடவும் குறைவு. துகள் கொட்டியதில் சிறு பங்கை அந்த நோடு உறிஞ்சினாலே 1 என்பது 0 ஆகிவிடும். செல்லுக்குச் சேதம் எதுவும் இல்லை. மறுபடி எழுதினால் சரியாகிவிடும். சாஃப்ட் எரர் என்பது இதுதான்.

இது முதலில் பிடிபட்டது விண்வெளியில். செயற்கைக்கோள்களின் ஃபிளிப்-ஃபிளாப்கள் (ஒரு பிட்டை வைத்திருக்கும் சிறு சர்க்யூட்டுகள்) காரணமின்றிப் புரண்டதை அண்டக்கதிர்களின் கனமான அயனிகளோடு இணைத்து ஹியூஸ் நிறுவனப் பொறியாளர்கள் 1975இல் எழுதினார்கள். தரையில் பிரச்சினையைக் கண்டுபிடித்தவர்கள் இன்டெலின் டிமோதி மேயும் மர்ரே உட்ஸும், 1978இல். 16 கிலோபிட் டிரேம் (கணினியின் முதன்மை மெமரி) சிப்கள் அவ்வப்போது தவறான பிட்டைக் காட்டின. அன்றைய செல் தேக்கிவைத்ததும் பத்து லட்சம் எலக்ட்ரான் என்ற அளவில்தான், ஆல்ஃபா துகள் ஒன்றுக்கு ஈடான தொகை. துகள் வந்தது வானத்திலிருந்து இல்லை, சிப்பை மூடியிருந்த பீங்கான் உறையில் கலந்திருந்த யுரேனியம், தோரியம் சுவடுகளிலிருந்து. அடுத்த ஆண்டே ஐபிஎம்மின் ஸீக்லரும் யேல் பல்கலைக்கழகத்தின் லான்ஃபோர்டும், உறையைச் சுத்தம் செய்தாலும் அண்டக்கதிர் விடாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

அதன்பின் ஆல்ஃபாவைக் குறைப்பது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. சிப்பை இணைக்கும் பற்றாசான சால்டரில் உள்ள ஈயத்தோடு ஈயம் 210 ஒட்டிக்கொண்டு வரும். அதன் அரை ஆயுள் 22 ஆண்டு. அது சிதைந்து கடைசியில் பொலோனியம் 210 ஆகும். அதற்கு அரை ஆயுள் 138 நாள். ஈயத்தைப் புதிதாகச் சுத்திகரிக்கும்போது பொலோனியம் போய்விடுவதால் அளவீட்டில் ஆல்ஃபா மிகக் குறைவாகத் தெரியும். சில மாதங்களில் பொலோனியம் மறுபடி உருவாகி எண்ணிக்கை ஏறும். எனவே சால்டர் சப்ளையர் தரும் ஆல்ஃபா அளவு, உருக்கிய உடனே எடுத்ததா, மாதங்கள் கழித்து எடுத்ததா என்று கேட்காமல் ஏற்கக் கூடாது. சிப்பைக் கவிழ்த்து ஒட்டும் ஃபிளிப்-சிப் உறைகளில் சால்டர் உருண்டைகள் டிரான்சிஸ்டர்களுக்கு நேர் மேலேயே உட்கார்ந்திருப்பதால் இந்தக் கேள்விக்கு எடை அதிகம்.

நியூட்ரானின் வழி வேறு. மின்னேற்றம் இல்லாததால் அது நேரடியாக எதையும் செய்யாது. சிலிக்கான் அணுக்கருவில் மோதி, உடைந்து சிதறும் கனத்த துண்டுகள்தான் மின்னூட்டத்தைக் கொட்டும். 1 கோடி எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட நியூட்ரான்கள் நியூயார்க்கில் கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மணிக்கு சுமார் 13 விழும். இதுதான் தொழில்துறை அளவுகோல். பயணிகள் விமானம் பறக்கும் உயரத்தில் சில நூறு மடங்கு. நம் ஊர் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தது. தென்னிந்தியா காந்த நடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் சுமார் 17 ஜிகாவோல்ட்டுக்குக் குறைந்த அண்டக்கதிர்களைப் பூமியின் காந்தப்புலமே திருப்பி அனுப்பிவிடுகிறது. சென்னையில் விழும் நியூட்ரான் நியூயார்க்கில் விழுவதில் ஏறத்தாழ பாதி. ஆனால் சென்னையில் வடிவமைக்கும் போர்டு சென்னையிலேயே இருக்கப் போவதில்லை என்பதால் 13ஐ வைத்தே கணக்குப் போடுங்கள்.

இடையில் ஒரு விநோதமும் நடந்தது. உலோக அடுக்குகளுக்கு நடுவே மட்டம் நிரவப் பயன்பட்ட போரான் கலந்த கண்ணாடிப் படலம், மெதுவாக அலையும் வெப்ப நியூட்ரான்களைப் பிடித்து உடைந்து, ஆல்ஃபாவையும் லித்தியத்தையும் சிப்புக்குள்ளேயே உமிழ்ந்தது. இயற்கைப் போரானில் ஐந்தில் ஒரு பங்கான போரான் 10 செய்த வேலை இது. 180 நானோமீட்டர் வாக்கில் அந்தப் படலம் கைவிடப்பட்டதும் பிரச்சினை அடங்கியது. ஆனால் டங்ஸ்டன் இணைப்புகளைப் படியவைக்கப் பயன்படும் வாயுவின் வழியே போரான் பின்னர் திரும்பவும் உள்ளே வந்திருக்கிறது. ஆகவே வெப்ப நியூட்ரான் சோதனையைப் பழைய கதை என்று தள்ள வேண்டாம்.

சுருங்குவதால் என்ன ஆகிறது என்பதில் இரண்டு விசைகள் எதிரெதிராக இழுக்கின்றன. ஒன்று, செல்லைப் புரட்டத் தேவையான மின்னூட்டம் குறைகிறது. மற்றது, மின்னூட்டத்தை உறிஞ்சும் பரப்பும் ஆழமும் குறைகின்றன. டிரேமில் கெபாசிட்டரைக் குழியாகவும் கோபுரமாகவும் கட்டி அதன் கொள்ளளவை ஏறக்குறைய அப்படியே காப்பாற்றினார்கள். உறிஞ்சும் பரப்பு மட்டும் சுருங்கியது. ஏழு தலைமுறைகளில் ஒரு பிட்டுக்கான பிழை விகிதம் ஆயிரம் மடங்குக்கு மேல் இறங்கியது. எஸ்ரேமுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே கொள்ளளவும் மின்னழுத்தமும் சேர்ந்தே விழுந்ததால் பிட் விகிதம் முதலில் ஏறியது. மின்னழுத்தம் 1 வோல்ட்டை ஒட்டி நின்றுவிட்டதும் 130 நானோமீட்டர் வாக்கில் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியது. 22 நானோமீட்டரில் வந்த ஃபின்ஃபெட் (துடுப்புபோல் நிமிர்ந்து நிற்கும் டிரான்சிஸ்டர்) இன்னும் இறக்கியது, ஏனென்றால் மெல்லிய துடுப்பு அடித்தளத்தோடு தொடும் பரப்பு மிகச் சிறிது, கீழே சிதறும் மின்னூட்டத்தில் கொஞ்சம்தான் மேலே ஏறும்.

பிறகு எதற்குக் கவலை? முதல் காரணம் பெருக்கல். பிழை விகிதத்தை ஃபிட் என்ற அலகில் சொல்வார்கள். 100 கோடி மணி நேரத்துக்கு ஒரு பிழை என்றால் 1 ஃபிட். பாதுகாப்பற்ற எஸ்ரேமுக்கு ஒரு மெகாபிட்டுக்கு 100 ஃபிட் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். 32 மெகாபைட் கேஷ் (செயலிக்குள் இருக்கும் எஸ்ரேம்) என்றால் 256 மெகாபிட், 25,600 ஃபிட், சுமார் 39,000 மணி நேரத்துக்கு ஒரு பிழை. நாலரை ஆண்டுக்கு ஒன்று என்பதால் மேசைக் கணினியில் யாருக்கும் தெரியாது. அதே செயலி ஆயிரம் ஓடும் கூடத்தில் 39 மணி நேரத்துக்கு ஒன்று. பிட் விகிதம் பாதியாகக் குறையும் அதே தலைமுறையில் கேஷ் மூன்று மடங்கானால் சிப்பின் மொத்த விகிதம் ஏறத்தான் செய்யும்.

இரண்டாவது காரணம்தான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி. 130 நானோமீட்டரில் ஒரு எஸ்ரேம் செல் பிடித்த இடம் 2.4 சதுர மைக்ரோமீட்டர் அளவில். 7 நானோமீட்டரில் 0.027. பழைய செல் ஒன்று இருந்த இடத்தில் இன்று எண்பதுக்கு மேல் உட்காருகின்றன. துகளோ அதே துகள்தான். அதன் தடத்தைச் சுற்றிச் சிதறும் மின்னூட்ட மேகம் சுருங்கவில்லை. சாய்வாக நுழையும் ஆல்ஃபாவின் 25 மைக்ரோமீட்டர் தடம் அன்று பதினைந்து பதினாறு செல்களைக் கடந்தது, இன்று நூற்றைம்பதைக் கடக்கும். போதாததற்கு, ஒரே வெல்லை (டிரான்சிஸ்டர்கள் உட்காரும் சிலிக்கான் பட்டை) பகிர்ந்துகொள்ளும் செல்களில், துகள் விழுந்ததும் வெல்லின் மின்னழுத்தம் சற்றே ஆட, அமைப்பில் தானாகவே உருவாகிவிடும் ஒட்டுண்ணி பைபோலார் டிரான்சிஸ்டர்கள் விழித்துக்கொண்டு வரிசையாகப் பிட்டுகளைப் புரட்டும். ஒரே துகள், பல பிட்.

வழக்கமான ஈசிசி 64 பிட் தரவுக்கு 8 பிட் சேர்த்து 72 ஆக வைக்கும். இந்தத் தொகுப்புதான் ஒரு சொல். ஒரு பிட் பிழையைத் திருத்தும், இரண்டைக் கண்டுபிடித்து நிறுத்தும். மூன்று வந்தால் உறுதி இல்லை. சரியான பிட்டையே ‘திருத்தி’ நான்காவது பிழையாக்கக்கூடும். எனவே பக்கத்துப் பக்கத்துச் செல்கள் ஒரே சொல்லைச் சேர்ந்தவையாக இருக்கவே கூடாது. இதற்காகத்தான் இன்டர்லீவிங்: ஒரே வரிசையில் 4, 8 அல்லது 16 சொற்களின் பிட்டுகளை மாற்றி மாற்றிக் கோப்பது. இன்றைய எஸ்ரேம் அமைப்பில் வெல்கள் பிட்லைன் (செல்களைப் படிக்கவும் எழுதவும் ஓடும் கம்பி) திசையில் ஓடுவது நல்ல வாய்ப்பு. பல பிட் பிழையும் அந்தத் திசையிலேயே நீளும், அதாவது வெவ்வேறு சொற்களில் ஒவ்வொரு பிட்டாகப் பரவும். சொல்லின் குறுக்கே பரவுவதைத்தான் இன்டர்லீவிங் கவனிக்க வேண்டும். இதற்கு விலை உண்டு. ஒரு சொல்லைப் படிக்க எட்டுச் சொல்லின் பிட்லைன்களை உசுப்ப வேண்டும், மின்சாரம் போகும். செயலியின் கைப்பக்கத் தேக்கமான ரெஜிஸ்டர் ஃபைலில் வரும் எட்டு டிரான்சிஸ்டர் செல்களில், எழுதும்போது தேர்ந்தெடுக்கப்படாத பக்கத்துப் பிட்டுகள் கலைவதால் இன்டர்லீவிங்கே சங்கடம். அங்கே பேரிட்டியை (1களின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று காட்டும் ஒரு பிட்) மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்கள், இரண்டு பிட் ஒன்றாகப் புரண்டால் பேரிட்டி ‘சரி’ என்று சொல்லும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

டிரேமின் புதிய தலைமுறையான டிடிஆர்5 வந்தபின் ‘சிப்புக்குள்ளேயே ஈசிசி இருக்கிறது, ஈசிசி மாட்யூல் (ஈசிசி உள்ள மெமரிப் பலகை) எதற்கு?’ என்று பலரும் கேட்கிறார்கள். தேவைதான். உள்ளே இருப்பது 128 பிட்டுக்கு 8 பிட். ஒன்றைத் திருத்தும், அவ்வளவே. அது முதன்மையாக, சுருங்கிய செல்களில் உற்பத்தியிலேயே வரும் பலவீனங்களை மறைக்க வைத்தது. சிப்பிலிருந்து செயலிக்குப் போகும் வழியில் நேரும் பிழை அதன் கண்ணில் படாது; திருத்திய ஒவ்வொரு பிழையையும் செயலியிடம் சொல்லவும் செய்யாது. வழி முழுவதையும் காப்பது 64 பிட்டுக்குப் பதில் 80 பிட் அகலம் கொண்ட ஈசிசி மாட்யூல்தான்.

மூன்றாவது காரணம், முன்பு பொருட்படுத்தத் தேவையில்லாத துகள்களும் இப்போது கணக்கில் வருகின்றன. ஊட்டியில் இருக்கும் கிரேப்ஸ்-3 கருவி நாளொன்றுக்குச் சுமார் 400 கோடி மியூவான்களைப் பதிவு செய்கிறது. அண்டக்கதிர் வளிமண்டலத்தில் மோதும்போது பிறந்து, நம் உடலையும் கணினியையும் ஓயாமல் துளைத்துச் செல்லும் துகள்கள் இவை. வேகமான மியூவான் சிலிக்கானில் மைக்ரோமீட்டருக்குச் சுமார் நூறு ஜோடியைத்தான் உண்டாக்கும். எந்தச் செல்லும் அசையாது. நிற்கப்போகும் தறுவாயில் இருக்கும் மெதுவான மியூவான்தான் அடர்த்தியாகக் கொட்டும். 65 நானோமீட்டர் வாக்கில், மின்னழுத்தத்தைக் குறைத்து வைத்த எஸ்ரேமை அப்படிப்பட்ட மியூவானாலும் புரட்ட முடிந்தது. குறைந்த ஆற்றல் புரோட்டான்களுக்கும் இதே கதை. முன்பு புரோட்டான் அணுக்கருவை மோதி உடைத்தால்தான் ஆபத்து. இப்போது சும்மா கடந்து போனாலே போதும். அதனால் பேட்டரியை மிச்சம் பிடிக்க மின்னழுத்தத்தைத் தாழ்த்தும் நிலையில் பிழை விகிதம் தனியாக அளக்கப்பட வேண்டும். டேட்டா ஷீட்டில் வருவது பெரும்பாலும் இயல்பு மின்னழுத்தத்து எண்.

மெமரியைத் தாண்டி, கணக்குப் போடும் லாஜிக்கிலும் துகள் விழும். அங்கே உண்டாவது சில நூறு பிகோசெகண்ட் நீளத் துடிப்பு. வழியில் மங்கிப்போகலாம், வேறொரு கேட்டில் தடுக்கப்படலாம், மதிப்பைப் பதிவு செய்யும் கிளாக் விளிம்புக்கு முன்னோ பின்னோ வந்து வீணாகலாம். கிளாக் வேகம் கூடக் கூட மூன்றாவது தடுப்பு பலவீனப்படும். ஃபிளிப்-ஃபிளாப்களுக்கு 1996இல் வந்த டைஸ் என்ற அமைப்பு ஒரே பிட்டை நான்கு நோடுகளில் வைத்து, ஒன்று புரண்டால் மற்றவை மீட்கும்படி செய்தது. அருமையான யோசனை. ஆனால் 65 நானோமீட்டருக்குக் கீழே நோடுகள் நெருங்கிவிட்டதால் ஒரே துகள் இரண்டைத் தொட்டுவிடுகிறது. வரைபடத்தில் நோடுகளை வேண்டுமென்றே தள்ளிவைக்காத டைஸ், பெயருக்குத்தான் டைஸ்.

மூன்று பிரதி எடுத்து வாக்கெடுக்கும் டிஎம்ஆரிலும் இதே சிக்கல். மூன்று பிரதியையும் பக்கத்தில் வைத்தால் ஒரு துகள் இரண்டைக் கவிழ்த்து வாக்கெடுப்பில் ஜெயித்துவிடும். அதைவிட அடிக்கடி நடப்பது, வடிவமைப்பைச் சர்க்யூட்டாக மாற்றும் சிந்தசிஸ் மென்பொருள் மூன்று பிரதியும் ஒன்றுபோலிருப்பதைப் பார்த்து இரண்டை நீக்கிவிடுவது. பிரதிகளைத் தொடாதே என்ற கட்டளையை இட்டாலும், சர்க்யூட்டின் பட்டியலான கடைசி நெட்லிஸ்டைத் திறந்து ஃபிளிப்-ஃபிளாப் எண்ணிக்கை மூன்று மடங்கா என்று கையால் எண்ணிப் பார்க்காமல் விடக் கூடாது. வாக்கின் முடிவு திரும்ப மூன்று பிரதிக்கும் போகவும் வேண்டும். இல்லையென்றால் இன்று ஒரு பிரதி கெட்டு அப்படியே கிடக்கும், அடுத்த மாதம் இன்னொன்று கெடும்போது பெரும்பான்மை தவறின் பக்கம் போய்விடும். எஸ்ரேமில் கட்டமைப்பைச் சேமிக்கும் எஃப்பிஜிஏவில் (சர்க்யூட்டை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) புரள்வது தரவு மட்டுமல்ல, சர்க்யூட்டே. அங்கே ஸ்கிரப்பிங் (அவ்வப்போது படித்துத் திருத்தி எழுதுவது) இல்லாத டிஎம்ஆர் பயனற்றது.

சுருங்கியதால் நன்மையும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆண்டுக்கணக்கில் சேரும் மொத்தக் கதிர்வீச்சு, டிரான்சிஸ்டரின் காப்புப் படலமான கேட் ஆக்ஸைடில் துளைகளைச் சிறைப்பிடித்து, டிரான்சிஸ்டர் திறக்கும் மின்னழுத்தமான திரெஷோல்டை நகர்த்தும். ஆக்ஸைடு சில நானோமீட்டராக மெலிந்ததும் துளைகள் தங்க இடமின்றி வெளியேறிவிடுகின்றன. கோர் மின்னழுத்தம் 1 வோல்ட்டை ஒட்டி இறங்கியதால் சிப்பையே எரிக்கும் லாட்ச்-அப் அங்கே நிலைக்க முடிவதில்லை, 3.3 வோல்ட் உள்ளீட்டுப் பகுதியில் மட்டும் இன்னும் கவனம் வேண்டும். 28 நானோமீட்டர் கைபேசிச் சிப்பைச் செவ்வாயில் துணிந்து பயன்படுத்த முடிந்ததற்கு இவையும் காரணம். ஆனால் அந்த ஹெலிகாப்டரில் பறப்பைக் கட்டுப்படுத்தியது ஸ்னாப்டிராகன் இல்லை. ஒரே வேலையை ஒருசேரச் செய்து ஒப்பிடும் லாக்ஸ்டெப் கோர்கள் கொண்ட இரண்டு டிஎம்எஸ்570 மைக்ரோகன்ட்ரோலர்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக ஓடின. தனியாக ஓர் எஃப்பிஜிஏ அவற்றைக் கண்காணித்து, ஒன்று தடுமாறினால் மற்றதிடம் பொறுப்பை மாற்றும்படி இருந்தது. எதைக் கெட விடலாம், எதைக் கெட விடக் கூடாது என்று பிரித்த அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது.

ஐஐடி மெட்ராஸின் சக்தி செயலியை அடிப்படையாகக் கொண்டு இஸ்ரோவோடு சேர்ந்து உருவாகி 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஐரிஸ் சிப்பும், ராக்கெட்டுகளுக்கான விக்ரம் 3201 செயலியும் மொகாலியின் எஸ்சிஎல் ஆலையில் 180 நானோமீட்டரில் செய்தவை. உலகம் 3 நானோமீட்டரில் இருக்கும்போது இதென்ன என்று கேலி செய்கிறவர்களுக்கு: வழிகாட்டும் வேலைக்கு அந்த வேகம் போதும், நோடுகள் பெரியவை, பல பிட் பிழை அரிது, வடிவமைப்பு முழுவதும் நம் கையில். தொலைநோக்கிப் படங்களை விண்ணிலேயே அலசுவதற்கு அது போதாது என்பதும் உண்மை. அங்கே சிறிய நானோமீட்டரும் அதற்கேற்ற மென்பொருளும்தான் வழி.

மென்பொருள் என்று சொன்னதால் ஒன்று. 2025 நவம்பர் 28 அன்று, தீவிர சூரியக் கதிர்வீச்சு பறப்புக் கட்டுப்பாட்டுத் தரவைக் கெடுக்கக்கூடும் என்று சொல்லி ஏர்பஸ் ஏறத்தாழ 6,000 ஏ320 குடும்ப விமானங்களை உடனே சரிசெய்யச் சொன்னது. பெரும்பாலானவற்றில் தீர்வு, கணினியை மாற்றுவது இல்லை, முந்தைய மென்பொருள் பதிப்புக்குத் திரும்புவது. அதே சிலிக்கான், அதே வானம். தாங்கும் திறனில் மென்பொருளுக்கு எவ்வளவு பங்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

கையில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு இருந்தால் செய்ய வேண்டியவை இவை. ஈசிசி உள்ள ரேமை ஓட்டத் தொடங்கும் முன் முழுவதும் ஒருமுறை எழுதிவிடுங்கள்; எழுதாத இடத்தைப் படித்தால் பொய்ப் பிழை வரும், அதைப் பார்த்துப் பயந்து ஈசிசியையே அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. படிக்கும்போது திருத்தும் வன்பொருள், திருத்தியதை மெமரியில் திரும்ப எழுதுகிறதா என்று கையேட்டில் தேடுங்கள். எழுதவில்லையென்றால் பிழை அங்கேயே கிடந்து இரண்டாவதற்காகக் காத்திருக்கும். பின்னணியில் படித்து எழுதும் ஸ்கிரப் பணி ஒன்றை நீங்களே ஓட்ட வேண்டும். வால்வைத் திறப்பது போன்ற முக்கியக் கொடிகளை 0, 1 என்று வைக்காமல், பல பிட் வித்தியாசம் உள்ள இரண்டு மதிப்புகளாக வையுங்கள். இரண்டும் அல்லாத மதிப்பு வந்தால் பாதுகாப்பு நிலைக்குப் போகட்டும். டைமர், பின் அமைப்பு ரெஜிஸ்டர்களைத் தொடக்கத்தில் ஒருமுறை எழுதியதோடு விடாமல் அவ்வப்போது மீண்டும் எழுதுங்கள்.

சர்வர் வைத்திருப்பவர்கள் லினக்ஸில் மெமரிப் பிழைகளைக் கவனிக்கும் எடாக் காட்டும் திருத்திய பிழைகளின் எண்ணிக்கையை முகவரியோடு பதிவு செய்ய வேண்டும். கூகுள் தன் சர்வர்களைப் பற்றி 2009இல் வெளியிட்ட ஆய்வில் ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட மாட்யூல்களில் பிழை தென்பட்டது. அதில் பெரும்பங்கு கதிர்வீச்சால் வந்ததல்ல, பழுதடைந்த மெமரியால் வந்தது. அதே முகவரியில் திரும்பத் திரும்ப வந்தால் மாட்யூலைக் கழற்றுங்கள். அண்டக்கதிர் ஒரே இடத்தைக் குறிவைத்து அடிப்பதில்லை.

நியூட்ரான் கற்றையில் சோதிக்கும் வாய்ப்பு அமைந்தால், இங்கிலாந்தின் சிப்ஐஆர், அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் போன்ற இடங்களில், கணக்கு எளிது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மொத்தம் 1,000 கோடி நியூட்ரான் பாய்ச்சி, 8 மெகாபிட் மெமரியில் 50 நிகழ்வு வந்தால், வகுத்துக் கிடைப்பதை 13ஆலும் 100 கோடியாலும் பெருக்குங்கள்: 65 ஃபிட், மெகாபிட்டுக்குச் சுமார் 8. ஐம்பது நிகழ்வில் புள்ளியியல் பிழையே 14 சதவீதம் இருக்கும், அதையும் சேர்த்து எழுதுங்கள். கவனிக்க வேண்டிய இடம் ‘நிகழ்வு’ என்ற சொல்லில். 80 பிட் புரண்டிருந்தாலும் துகள் 50ஆக இருக்கலாம். மெமரியைப் படித்துப் பார்க்கும் இடைவெளியைக் குறுக்கி, ஒரே படிப்பில் பக்கத்தில் பக்கத்தில் புரண்டவற்றை ஒரு நிகழ்வாகக் கட்ட வேண்டும். எது பக்கம் எது தூரம் என்பது முகவரி எண்ணை வைத்துத் தெரியாது, ஏனென்றால் தயாரிப்பாளர்கள் முகவரிகளைக் கலைத்தே அடுக்குகிறார்கள். ஆகவே சிப்பை வாங்குவதற்கு ஆர்டர் கொடுக்கும்போதே, முகவரிக்கும் செல்லின் இடத்துக்குமான வரைபடத்தையும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். கற்றை நேரம் முடிந்தபின் கேட்டால் கிடைப்பது கடினம்.